கடுமையான எம்பிசிமாவுக்கு நுரையீரல் ஆபரேஷன்: அப்பாவுக்குச் செய்யலாமா?

அம்பை மகன்:

எல்லாருக்கும் வணக்கம். அப்பாவுக்கு வயது 61. அம்பாசமுத்திரம் பக்கம் ஒரு அரிசி ஆலையில் மூட்டை தூக்கினார், பிறகு அங்கேயே மேஸ்திரியாக இருந்தார். சின்ன வயதில் பிடித்த பீடியைப் போன ஆவணியில்தான் விட்டார். இப்போது வாசலிலிருந்து தெருக்குழாய் வரைக்கும் ஒரே மூச்சில் போக முடியவில்லை. குளித்துவிட்டு வந்தால் தலை துவட்டக்கூடத் தெம்பு இருக்காது. கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து, இரண்டு கையையும் முழங்காலில் ஊன்றி, உதட்டைக் குவித்து ஊதிக்கொண்டே இருப்பார். நாம் ஏதாவது கேட்டால் பேச்சு வராது, 'பொறு' என்று கையைத்தான் காட்டுவார்.

ஊதுகிற டெஸ்டில் எஃப்.இ.வி.1, அதாவது முதல் ஒரு நொடியில் ஊதி வெளியேற்றும் காற்று, இருக்க வேண்டியதில் 27 சதவீதம்தான் வந்திருக்கிறது. வெளியே வராமல் உள்ளேயே தங்கிவிடும் காற்றின் அளவு, ஆர்.வி. என்கிறார்கள், 230 சதவீதம். நுரையீரலிலிருந்து ரத்தத்துக்கு வாயு கடக்கும் திறன், டி.எல்.சி.ஓ. என்கிறார்கள், 34 சதவீதம். சி.டி. ரிப்போர்ட்டில் 'இரண்டு பக்கமும் மேல் மடல்களில் எம்பிசிமா அதிகம்' என்று எழுதியிருக்கிறது. இன்ஹேலர், நெபுலைசர் எல்லாம் ஒழுங்காகத்தான் நடக்கிறது. போன மாதம் பார்த்த டாக்டர், "கெட்டுப்போன பகுதியை வெட்டி எடுக்கிற ஆபரேஷன் ஒன்று இருக்கிறது, யோசியுங்கள்" என்றார். வீட்டுக்கு வந்து சொன்னதும் அத்தையும் சித்தப்பாவும் ஒரே சத்தம். "மூச்சே இல்லாத மனுஷனுக்கு நுரையீரலை வெட்டுதாங்களாம்" என்று அத்தை அழுதுவிட்டார். அத்தை கேட்பதிலும் நியாயம் இருப்பதாகத்தான் எனக்குப் படுகிறது. விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

வள்ளியூர்க்காரன்:

தம்பி, அத்தை சொல்வதைக் கேளுங்கள். எங்கள் ஊரில் நன்றாக நடமாடிக்கொண்டிருந்த ஒருவர் நெஞ்சு ஆபரேஷன் என்று போய், வீட்டை விற்றுச் செலவு செய்தும் திரும்பி வரவில்லை. பெரிய ஊர் ஆஸ்பத்திரிகளில் நம்மைப் போன்றவர்களைப் பார்த்தால் முதலில் பில்தான் போடுகிறார்கள். மூச்சுப் பயிற்சி, ஆக்சிஜன், நல்ல சாப்பாடு, இதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். கோபத்தில் சொல்லவில்லை, கண்ணால் பார்த்ததால் சொல்கிறேன்.

பாளை டாக்டர்:

நான் நெஞ்சக நோய் மருத்துவர், பாளையங்கோட்டையில் இருக்கிறேன். உங்கள் அப்பாவை நேரில் பார்க்காமல் செய்யலாம், வேண்டாம் என்று சொல்ல மாட்டேன். ஆனால் உங்கள் அத்தையின் கேள்விக்குப் பதில் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் அந்தக் கேள்வி சரியான கேள்வி.

எம்பிசிமாவில் நுரையீரல் சுருங்கிப் போவதில்லை, அளவுக்கு மீறி ஊதிப் போகிறது. நுண்ணிய காற்றறைகளின் சுவர்கள் அழிந்து, பல சின்ன அறைகள் சேர்ந்து வெறும் பெரிய பொந்துகளாகிவிடும். நல்ல நுரையீரலுக்குத் தானாகச் சுருங்கும் ஒரு இழுவிசை உண்டு. அது போய்விட்டால், நைந்துபோன பாவாடை எலாஸ்டிக் மாதிரி, விரிந்தது விரிந்தபடியே நின்றுவிடும். உள்ளே போன காற்று வெளியே வராது. அடுத்த மூச்சை இழுக்க இடம் இருக்காது. உங்கள் அப்பாவின் ஆர்.வி. 230 என்றால், இந்த வயதில் உள்ளே தங்க வேண்டிய காற்றைப்போல இரண்டேகால் மடங்குக்கு மேல் தங்குகிறது என்று பொருள். விலாக்கூட்டுக்குக் கீழே கும்மாச்சியாக மேல்நோக்கி வளைந்திருக்க வேண்டிய உதரவிதானம் அமுக்கப்பட்டுத் தட்டையாகிவிடும். தட்டையான தசையால் காற்றை இழுக்க முடியாது. அதனால்தான் கழுத்துத் தசைகளையும் தோளையும் வைத்து மூச்சு விடுகிறார். முழங்காலில் கை ஊன்றுவதும் அதற்காகத்தான்.

இந்த ஆபரேஷன் எடுப்பது ஏற்கெனவே வேலை செய்யாத பகுதியை. ஒவ்வொரு பக்க நுரையீரலிலும் சுமார் 20 முதல் 30 சதவீதம், அதுவும் மிக மோசமாகக் கெட்ட இடத்தில். அது போனதும், பக்கத்தில் நசுங்கிக் கிடந்த ஓரளவு நல்ல நுரையீரல் விரிகிறது. உதரவிதானம் பழையபடி மேலே ஏறுகிறது. நோய் போய்விடுவதில்லை, மூச்சு விடும் இயந்திரத்துக்கு இடம் கிடைக்கிறது, அவ்வளவுதான். அத்தையிடம் இப்படிச் சொல்லிப் பாருங்கள்: மூச்சு விடுகிற நுரையீரலை எடுக்கவில்லை, மூச்சு விடவிடாமல் தடுக்கிற நுரையீரலைத்தான் எடுக்கிறார்கள்.

வள்ளியூர் அண்ணாச்சி சொல்கிற பயமும் வெறும் பயம் இல்லை. 1950களில் அமெரிக்காவில் மேரிலாந்துப் பல்கலைக்கழகத்தில் ஆட்டோ பிரான்டிகன் என்ற அறுவை மருத்துவர் இதை முதலில் செய்தார். மூச்சு லேசானதாகப் பலர் சொன்னார்கள். ஆனால் ஐந்தாறு பேருக்கு ஒருவர் வீதம் இறந்தார்கள். அந்த முறை அப்படியே கைவிடப்பட்டது. 1990களில் செயின்ட் லூயிஸில் ஜோயல் கூப்பர் மறுபடி எடுத்துச் செய்தார். தைத்த இடத்தில் காற்று கசியாமல் இருக்க மாட்டின் இதய உறையிலிருந்து எடுத்த பட்டைகளை ஸ்டேப்ளர் கோட்டில் வைத்து இறுக்கினார். அவருடைய முதல் 20 நோயாளிகளின் முடிவு 1995-ல் வந்தது, எஃப்.இ.வி.1 சராசரியாக 82 சதவீதம் கூடியிருந்தது. அதைப் பார்த்து அமெரிக்கா முழுக்க இந்த ஆபரேஷன் பரவியது. பரவிய வேகத்தில் யாருக்குச் செய்வது, யாருக்குச் செய்யக்கூடாது என்ற கணக்கு யாரிடமும் இல்லை. அந்தக் கணக்கைப் போட்டது அதற்கப்புறம் நடந்த ஒரு பெரிய ஆய்வு. இன்று இரவு டியூட்டி, நாளை அதை எழுதுகிறேன்.

சுரண்டை டீச்சர்:

என் அண்ணனுக்கு இந்த ஆபரேஷன் நடந்திருக்கிறது, அதனால் சொல்கிறேன். ஊர், ஆஸ்பத்திரி பெயர் வேண்டாம். டாக்டர் சார் சொன்ன 'காற்றுக் கசிவு' என்ன என்பதைப் பக்கத்தில் இருந்து பார்த்தவள் நான்.

ஆபரேஷன் முடிந்து வெளியே கொண்டுவந்தபோது இரண்டு விலாப் பக்கமும் குழாய். குழாயின் மறுமுனை கட்டிலுக்குக் கீழே ஒரு பிளாஸ்டிக் பாட்டிலில், தண்ணீருக்குள். அண்ணன் இருமினால் போதும், பாட்டிலில் கொப்பளம் கொப்பளமாக வரும். காலையில் டாக்டர் வந்ததும் அண்ணன் முகத்தைப் பார்ப்பதற்கு முன்னால் குனிந்து அந்தப் பாட்டிலைத்தான் பார்ப்பார். "இருமுங்க" என்பார். கொப்பளம் வந்தால் ஒன்றும் சொல்லாமல் நர்ஸிடம் எழுதச் சொல்லிவிட்டுப் போவார். ஒரு பக்கம் சீக்கிரம் நின்றுவிட்டது. இன்னொரு பக்கம் நிற்கவே இல்லை. குழாயோடேதான் நடக்க வைத்தார்கள், பாட்டிலை ஒரு கையில் தூக்கிக்கொண்டு வராந்தாவில் நடப்பார். கடைசியில் ஒருவழிக் காற்று வால்வு மாட்டி, குழாயோடேயே வீட்டுக்கு அனுப்பினார்கள். மதினிக்குக் கட்டு மாற்றக் கற்றுக்கொடுத்தார்கள்.

இப்போது அண்ணன் சுரண்டை மார்க்கெட் வரைக்கும் நடந்து போய்க் காய்கறி வாங்கி வருகிறார். நடுவில் ஒரு இடத்தில் நிற்பார். ஆபரேஷனுக்கு முன்னால் கக்கூஸுக்குப் போவதே அவருக்குப் பெரிய வேலையாக இருந்தது. பயப்படுகிறவர்கள் பயப்படுவதற்குக் காரணம் இருக்கிறது. ஆனால் அண்ணன் ஒரு நாளும் 'ஏன் செய்தோம்' என்று சொன்னது கிடையாது.

கடையம் செல்வி:

டீச்சரக்கா எழுதியதைப் படித்ததும் கேட்க வேண்டும் போல இருந்தது. எங்கள் அம்மா பீடி குடித்ததே இல்லை. சுற்றியவர், குடிக்கவில்லை. கல்யாணமாகி வந்ததிலிருந்து விறகடுப்பு, ஜன்னல் இல்லாத அடுப்படி. சமையல் முடிந்ததும் முறத்தை மடியில் வைத்துப் புகையிலைத் தூளோடு உட்கார்ந்துவிடுவார். அம்மாவுக்கும் எம்பிசிமாதான். எஃப்.இ.வி.1 19 சதவீதம். சி.டி.யில் மேல், கீழ் என்று இல்லாமல் எல்லா இடத்திலும் ஒரே மாதிரிப் பரவியிருக்கிறது என்றார்கள். ஒரு டாக்டர் ஆபரேஷன் கூடவே கூடாது என்று சொல்லிவிட்டார். வேறு ஒரு ஆஸ்பத்திரியில் 'செய்துவிடலாம், அட்வான்ஸ் கட்டுங்கள்' என்றார்கள். யாரை நம்புவது?

பாளை டாக்டர்:

செல்வி, உங்களுக்குத்தான் முதலில் பதில் எழுத வேண்டும். அந்த அட்வான்ஸைக் கட்டாதீர்கள்.

நேற்றுச் சொன்ன ஆய்வு, அமெரிக்காவின் தேசிய எம்பிசிமா சிகிச்சை ஆய்வு. 17 மையங்களில் 1,218 நோயாளிகள். பாதிப் பேருக்கு ஆபரேஷனும் மருத்துவமும், பாதிப் பேருக்கு மருத்துவம் மட்டும். முழு முடிவு 2003-ல் வந்தது. ஆனால் அதற்கு முன்பே, 2001-ல், ஒரு பிரிவினருக்கு ஆபரேஷன் செய்வதைப் பாதியிலேயே நிறுத்திவிட்டார்கள். எஃப்.இ.வி.1 20 சதவீதம் அல்லது அதற்குக் கீழே இருந்து, அதோடு நோய் ஒரே சீராகப் பரவியிருந்தாலோ, டி.எல்.சி.ஓ.வும் 20 அல்லது அதற்குக் கீழே இருந்தாலோ, அவர்கள் அந்தப் பிரிவு. அதில் ஆபரேஷன் செய்துகொண்ட 69 பேரில் 16 சதவீதம் பேர் 30 நாளைக்குள் இறந்தார்கள். ஆபரேஷன் செய்யாத 70 பேரில் அந்த 30 நாளில் ஒருவர்கூட இறக்கவில்லை. உங்கள் அம்மாவின் 19 சதவீதமும் ஒரே சீரான பரவலும் அப்படியே அந்தப் பிரிவுக்குள் வருகிறது. வேண்டாம் என்று சொன்ன டாக்டர் உங்கள் அம்மாவைக் காப்பாற்றியிருக்கிறார்.

இனி அம்பைத் தம்பிக்கு. அந்த ஆபத்தான பிரிவை ஒதுக்கிவிட்டு மற்றவர்களைப் பார்த்தால், ஆபரேஷன் செய்தவர்களில் 90 நாளைக்குள் இறந்தவர்கள் 5.2 சதவீதம், மருத்துவம் மட்டும் எடுத்தவர்களில் 1.5 சதவீதம். ஆக, ஆபத்து யாருக்குமே இல்லாமல் இல்லை. ஆனால் பலன் எல்லாருக்கும் ஒரே மாதிரி இல்லை. நோய் மேல் மடல்களில் அதிகம் இருந்து, பயிற்சிக்குப் பிறகும் உடல் உழைப்புத் திறன் குறைவாகவே இருந்தவர்கள்தான் அதிகம் பலன் பெற்றார்கள். அவர்களுக்கு ஆயுளும் கூடியது, மூச்சும் லேசானது. நேர்மாறாக, நோய் மேல் மடலில் இல்லாமல், உழைப்புத் திறனும் நன்றாக இருந்தவர்களுக்கு ஆபரேஷன் கெடுதலே செய்தது, இறப்பு கூடியது. உங்கள் அப்பாவின் சி.டி. மேல் மடல் என்கிறது, எஃப்.இ.வி.1 20-க்கு மேலே இருக்கிறது, டி.எல்.சி.ஓ.வும் 20-க்கு மேலே. அதனால்தான் உங்கள் டாக்டர் பேச்சை எடுத்திருக்கிறார். அது காசுக்காகச் சொன்ன பேச்சாக எனக்குத் தோன்றவில்லை.

டீச்சர் எழுதிய கசிவு பற்றி ஒரு வரி. அந்த ஆய்வில் ஆபரேஷன் செய்தவர்களில் 90 சதவீதம் பேருக்குக் காற்றுக் கசிவு இருந்தது. பாதிப் பேருக்கு ஒரு வாரத்துக்கு மேல் நீடித்தது. இது யாரோ தவறு செய்ததால் வருவது இல்லை. நைந்த நுரையீரலைத் தைத்தால் கசியும். இதை முன்கூட்டியே சொல்லாத டாக்டரிடம் மேற்கொண்டு கேள்வி கேளுங்கள்.

வள்ளியூர்க்காரன்:

டாக்டர் சார், எண்ணிக்கை எல்லாம் அமெரிக்காவில் எடுத்தது. நம்மூரில் இவ்வளவு பார்த்துப் பார்த்தா செய்கிறார்கள்? செல்வி தங்கச்சிக்கு 'அட்வான்ஸ் கட்டு' என்று சொன்ன இடமும் இதே நாட்டில்தானே இருக்கிறது. என் சந்தேகம் அதுதான்.

பாளை டாக்டர்:

அண்ணாச்சி, அந்தச் சந்தேகத்தோடேயே போங்கள், அது நல்லது. கேட்க வேண்டியதைக் கேட்டால் இடம் எப்படிப்பட்டது என்று தெரிந்துவிடும். இந்த ஆபரேஷனை உங்கள் குழு எத்தனை பேருக்குச் செய்திருக்கிறது, எத்தனை பேர் வீடு திரும்பினார்கள் என்று நேராகக் கேளுங்கள். நெஞ்சக மருத்துவர், அறுவை மருத்துவர், சி.டி. படிக்கிறவர், மயக்க மருத்துவர் எல்லாரும் ஒன்றாக உட்கார்ந்து முடிவெடுக்கிறார்களா என்று கேளுங்கள். மறுவாழ்வுப் பயிற்சி முடிக்காமலே தேதி கொடுக்கிற இடத்தில் கையெழுத்துப் போடாதீர்கள். என்னைப் பொறுத்தவரை இந்த ஒன்றே போதும், ஒரு இடத்தை எடை போட.

ஹைகிரவுண்டு பிசியோ:

மறுவாழ்வுப் பயிற்சி என்று டாக்டர் சார் வாயால் வந்துவிட்டது, நான் அதைத்தான் விரித்து எழுத நினைத்தேன். அந்த அமெரிக்க ஆய்வில் எல்லாரையும் முதலில் 6 முதல் 10 வாரம் பயிற்சியில் போட்டார்கள். அதற்குப் பிறகுதான் உழைப்புத் திறன் குறைவா அதிகமா என்று அளந்தார்கள். இந்த வரிசை ரொம்ப முக்கியம். இத்தனை நாள் கட்டிலிலேயே கிடந்த மனுஷனை அன்றைக்கே அளந்தால் திறன் குறைவாகத்தான் காட்டும். அது நுரையீரலால் வந்த குறையா, கால் தசை வாடியதால் வந்த குறையா என்று தெரியாது. பயிற்சி முடித்த பிறகும் நடக்க முடியவில்லை என்றால்தான் அது நுரையீரலின் குறை. சிலர் பயிற்சியிலேயே இவ்வளவு தேறிவிடுவார்கள், ஆபரேஷன் பேச்சே தேவைப்படாது.

நாங்கள் என்ன செய்கிறோம் என்று கேட்கிறார்கள். 30 மீட்டர் வராந்தா, இரண்டு முனையிலும் நாற்காலி, விரலில் ஆக்சிஜன் பார்க்கிற கிளிப். 6 நிமிடம், அவரவர் வேகத்தில் நடக்க வேண்டும், நின்றாலும் கடிகாரம் நிற்காது. எத்தனை மீட்டர், எவ்வளவு ஆக்சிஜன் இறங்கியது, எவ்வளவு மூச்சு வாங்கியது, மூன்றையும் எழுதுவோம். பிறகு நடைப்பயிற்சி, நாற்காலியில் உட்கார்ந்து எழுவது, அரை லிட்டர் தண்ணீர் பாட்டிலைத் தூக்கிக் கைப் பயிற்சி. கைப் பயிற்சியை யாரும் மதிப்பதில்லை. ஆனால் தலை துவட்டவும் சட்டை போடவும் தெம்பு தருவது அதுதான். கை உயர்ந்தால் மூச்சு வாங்கும், ஏனென்றால் மூச்சுக்கு உதவிக்கொண்டிருக்கிற அதே தோள் தசைகளைத்தான் கையும் கேட்கிறது.

உங்கள் அப்பா உதட்டைக் குவித்து ஊதுகிறார் என்று எழுதியிருந்தீர்கள். யாரும் சொல்லிக்கொடுக்காமலே சரியாகச் செய்கிறார். மூக்கால் இழுத்து, குவித்த உதட்டால் இழுத்ததைவிட இரண்டு மடங்கு நேரம் மெதுவாக விட வேண்டும். மூச்சுக்குழாய் சட்டென்று மூடிக்கொள்ளாமல் அது தாங்கிப் பிடிக்கும். குனிவது, தூக்குவது, படியேறுவது எல்லாம் மூச்சை வெளியே விடும்போது செய்யச் சொல்லுங்கள்.

எடையையும் பாருங்கள். வயிறு முட்டச் சாப்பிட்டால் உதரவிதானத்தை அமுக்கும், அதனால் கொஞ்சம் கொஞ்சமாக ஆறு வேளை. சோற்றைக் குறைத்து முட்டை, மீன், பருப்பு, சுண்டல். எலும்பும் தோலுமாக இருக்கிறவர் ஆபரேஷனைத் தாங்க மாட்டார். ஃப்ளூ ஊசியும் நிமோனியா ஊசியும் போட்டாயிற்றா?

மேலப்பாளையத்தான்:

ஆபரேஷன் இல்லாமல் வால்வு வைக்கிற முறையும் இருக்கிறது, அதை யாரும் சொல்லவில்லையே. என் மாமாவுக்குச் சென்னையில் செய்தோம். மூக்கு, தொண்டை வழியாகக் குழாய் விட்டு, கெட்ட மடலுக்குப் போகிற மூச்சுக்குழாய்க் கிளைகளில் குட்டி வால்வுகளை வைத்தார்கள். வெட்டு இல்லை, தையல் இல்லை. வால்வு வைத்த மறுநாளே மாமாவுக்கு நெஞ்சு வலி, மூச்சுத் திணறல். நுரையீரலுக்கு வெளியே காற்று போய்விட்டது என்று உடனே குழாய் போட்டார்கள். ஆஸ்பத்திரியில் இருந்ததால் பிழைத்தார். இப்போது நன்றாக இருக்கிறார், பள்ளிவாசலுக்கு மெதுவாக நடந்து போய்விடுகிறார்.

பாளை டாக்டர்:

சரியான நேரத்தில் சொன்னீர்கள். அந்த வால்வு ஒருவழிப் பாதை. மடலுக்குள் இருக்கிற காற்றும் சளியும் வெளியே வரும், புதிதாக உள்ளே போகாது. மடல் சுருங்கிவிடும். வெட்டாமலே அளவு குறைகிறது. அமெரிக்காவில் 2018-ல் இதற்கு அனுமதி கிடைத்தது.

ஒரு நிபந்தனை உண்டு. மடலுக்கும் மடலுக்கும் நடுவே இருக்கிற பிளவு முழுமையாக இருக்க வேண்டும். பிளவு அரைகுறையாக இருந்தால் பக்கத்து மடலிலிருந்து கள்ளவழியாகக் காற்று நுழைந்துவிடும், வால்வு வைத்தும் மடல் சுருங்காது. அதை சி.டி.யிலும், குழாய் வழியாகக் காற்றோட்டத்தை அளந்தும் முன்பே பார்த்துவிடுவார்கள். உங்கள் மாமாவுக்கு வந்த நிலை அபூர்வம் இல்லை. 2018-ல் வெளிவந்த முக்கிய ஆய்வில் நாலில் ஒருவருக்கும் கொஞ்சம் அதிகமாக அது வந்தது, பெரும்பாலும் முதல் சில நாட்களில். மடல் சட்டென்று சுருங்கும்போது பக்கத்து மடல் வேகமாக விரிந்து கிழிவதால் வருகிறது. அதனால்தான் வால்வு வைத்தவர்களை உடனே வீட்டுக்கு அனுப்பக் கூடாது. சாயங்காலமே டிஸ்சார்ஜ் கேட்டு நர்ஸிடம் சண்டை போடுகிற உறவினர்கள் இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

வால்வா ஆபரேஷனா என்று இங்கிலாந்தில் 88 பேரை வைத்து நேரடியாக ஒப்பிட்டார்கள், 2023-ல் வெளிவந்தது. ஒரு வருடத்தில் இரண்டுக்கும் பெரிய வித்தியாசம் இல்லை. ஆகவே உங்கள் பிளவு எப்படி இருக்கிறது, உங்கள் குழுவுக்கு எதில் கை தேர்ந்திருக்கிறது என்பதுதான் முடிவு செய்யும்.

இன்னும் இரண்டு வகை இருக்கிறது. ஒரே ஒரு பெரிய காற்றுப் பை, நெஞ்சின் ஒரு பக்கத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் அடைத்துக்கொண்டிருந்தால், அதை மட்டும் எடுத்தாலே போதும், அது தனி ஆபரேஷன். எல்லாமே கெட்டுப்போயிருந்தால் நுரையீரல் மாற்றுதான். தமிழ்நாட்டில் அதற்கு உறுப்பு மாற்று ஆணையத்தின் பட்டியலில் பதிய வேண்டும். காலம் முழுக்க நோய் எதிர்ப்பை அடக்கும் மாத்திரை, அடிக்கடி பரிசோதனை. உலக அளவில் மாற்று செய்துகொண்டவர்களில் பாதிப் பேர் சுமார் 6 வருடம் தாண்டுகிறார்கள். செல்வி, உங்கள் அம்மாவுக்கு வயதும் மற்ற உறுப்புகளும் ஒத்துவந்தால், கேட்டுப் பார்க்க வேண்டியது இதைத்தான்.

கடையம் செல்வி:

அம்மாவுக்கு 68 ஆகிறது டாக்டர். சர்க்கரையும் இருக்கிறது. வீட்டில் ஆக்சிஜன் மெஷின் வைத்திருக்கிறோம், அம்மா 'எப்பவும் மூக்கில் மாட்டிக்கிட்டு இருக்க முடியாது' என்று கழற்றிப் போட்டுவிடுகிறார்.

ஹைகிரவுண்டு பிசியோ:

அக்கா, அம்மாவிடம் இதைச் சொல்லுங்கள். இரத்தத்தில் ஆக்சிஜன் ரொம்பக் குறைந்தவர்களுக்கு, ஒரு நாளைக்கு 15 மணி நேரத்துக்குக் குறையாமல் வைத்தால்தான் ஆயுள் கூடும். 1980, 81-லேயே இரண்டு ஆய்வுகளில் தெரிந்துவிட்டது. தூக்க நேரத்தைச் சேர்த்தால் பாதிக்கு மேல் வந்துவிடும், மீதியைத் தொலைக்காட்சி பார்க்கும்போது வைக்கச் சொல்லுங்கள். அடுப்புக்குப் பக்கத்தில் மட்டும் வேண்டவே வேண்டாம். விறகடுப்பு இன்னும் எரிகிறதென்றால் முதலில் அதை நிறுத்துங்கள், பீடி முறத்தையும் வேறு இடத்துக்கு மாற்றுங்கள். 5 லிட்டர் மெஷின் சுமார் 300, 400 வாட் இழுக்கும், வீட்டு இன்வெர்ட்டர் ரொம்ப நேரம் தாங்காது. கரண்ட் போகிற நேரத்துக்கு ஒரு சிலிண்டர் நிறைத்து வையுங்கள். உங்கள் அம்மாவுக்கும் பயிற்சி உண்டு, உட்கார்ந்தபடியே செய்யலாம்.

அம்பை மகன்:

எல்லாருக்கும் நன்றி. அத்தையை உட்கார வைத்து டாக்டர் சார் எழுதியதைப் படித்துக் காட்டினேன். முழுக்க ஒத்துக்கொள்ளவில்லை, ஆனால் அழுகை நின்றது. இரண்டு சந்தேகம். அப்பாவுக்கு 34 வயதில் டி.பி. வந்து ஆறு மாதம் மாத்திரை சாப்பிட்டிருக்கிறார். அது பாதிக்குமா? பீடி விட்டுவிட்டார், ஆனால் வெற்றிலையோடு புகையிலை போடுகிறார். அது மூச்சுக்கு ஒன்றும் செய்யாதே?

பாளை டாக்டர்:

இரண்டுமே பாதிக்கும். இவ்வளவு முக்கியமான விஷயத்தை இப்போதாவது கேட்டீர்கள்.

டி.பி. பெரும்பாலும் மேல் மடலைத்தான் பிடிக்கும். ஆறிய பிறகு அங்கே தழும்பு, பொந்து, நெஞ்சுச் சுவரோடு ஒட்டிக்கொண்ட நுரையீரல் எல்லாம் இருக்கலாம். ரிப்போர்ட்டில் 'மேல் மடல் எம்பிசிமா' என்று இருப்பதில் எவ்வளவு எம்பிசிமா, எவ்வளவு டி.பி. தழும்பு என்று பிரித்துப் பார்க்க வேண்டும். ஒட்டியிருந்தால் பிரிக்கும்போது கிழியும், ரத்தம் வரும், கசிவு நீளும். வால்வு வைத்தாலும் ஒட்டிய மடல் சுருங்காது. அமெரிக்காக்காரர்களின் கணக்கு நம்மூருக்கு அப்படியே பொருந்துமா என்று வள்ளியூர் அண்ணாச்சி கேட்டதில், எனக்குத் தெரிந்து மிக நியாயமான இடம் இதுதான். பழைய டி.பி. சீட்டு கிடைத்தால் கொண்டு போங்கள். இப்போது கிருமி இல்லை என்று சளிப் பரிசோதனையில் உறுதி செய்யாமல் யாரும் கத்தியை எடுக்க மாட்டார்கள்.

புகையிலையை இன்றைக்கே நிறுத்தச் சொல்லுங்கள். ஆபரேஷனுக்கு முன் குறைந்தது 4 முதல் 6 மாதம் புகையிலை தொடாமல் இருக்க வேண்டும் என்பது பொதுவான நிபந்தனை. சும்மா வாய்வார்த்தையை நம்ப மாட்டார்கள், கோட்டினின் என்று ஒரு பரிசோதனை செய்வார்கள். புகைத்தாலும், மென்றாலும் அதில் தெரியும். புகையிலையைக் கையால் அளைகிறவர்களுக்கும் தோல் வழியாக நிகோட்டின் ஏறும், அதனால் வீட்டில் யாராவது பீடி சுற்றினால் அதையும் டாக்டரிடம் சொல்லுங்கள்.

இதோடு இதயத்தை ஸ்கேன் செய்து பார்க்கிற எக்கோவும் எடுக்கச் சொல்வார்கள். நுரையீரல் ரத்தக் குழாயில் அழுத்தம் ரொம்பக் கூடியிருந்தால் ஆபரேஷன் கிடையாது. ரத்தத்தில் கரியமில வாயு அளவும் பார்ப்பார்கள்.

வள்ளியூர்க்காரன்:

டாக்டர் சார் நியாயமாகப் பேசுகிறீர்கள். செலவு பற்றி மட்டும் யாரும் வாய் திறக்கவில்லை. மூட்டை தூக்கியவர் வீட்டில் எவ்வளவு இருக்கும்?

சுரண்டை டீச்சர்:

அண்ணாச்சி, முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்தில் குடும்பத்துக்கு வருடம் 5 லட்சம் வரைக்கும் உண்டு. எந்த ஆபரேஷன், எந்த ஆஸ்பத்திரி அதில் வரும் என்பதைப் போவதற்கு முன்பே கேட்டுவிட வேண்டும். கொக்கிரகுளம் கலெக்டர் ஆபீஸில் அந்தத் திட்டத்துக்கு கவுன்ட்டர் இருக்கிறது. ரேஷன் கார்டு, ஆதார், வருமானச் சான்று கொண்டு போங்கள். கசிவு நீடித்து ஆஸ்பத்திரியில் நாள் கூடினால் அந்தக் கூடுதல் நாளும் அதில் சேருமா என்று தனியாகக் கேளுங்கள். நாங்கள் அதைக் கேட்காமல்தான் நகையை வைக்க வேண்டி வந்தது.

அம்பை மகன்:

நேற்று அப்பாவைக் கூட்டிப் போய் வந்தோம். மூன்று டாக்டர்கள் சேர்ந்து சி.டி. படத்தை ஸ்கிரீனில் போட்டு எனக்கும் காட்டினார்கள். வலது மேல் மடலில் நுரையீரலே இல்லாத மாதிரி கறுப்பு. இடது மேல் மடலின் உச்சியில் வெள்ளையாக ஒரு தழும்பு, டி.பி. என்றார்கள். 'இரண்டு பக்கமும் வேண்டாம், வலது பக்கம் மட்டும் யோசிக்கலாம், பிளவு ஓரளவு முழுசாகத் தெரிகிறது, அதனால் வால்வும் பட்டியலில் இருக்கிறது' என்றார்கள். எட்டு வாரம் பயிற்சி, அதற்குப் பிறகு 6 நிமிட நடை, கோட்டினின், எக்கோ. அதுவரை முடிவு இல்லை. அப்பா திரும்பி வரும்போது பஸ்ஸில், 'வால்வுன்னா சரி, வெட்டுறதுன்னா உங்க அத்தையைக் கேளு' என்றார். பயிற்சிக்கு எப்போது கூட்டி வரட்டும்? வாரம் எத்தனை தடவை? அம்பையிலிருந்து காலையில் கிளம்பினால் எத்தனை மணிக்கு இருக்க வேண்டும்?

ஹைகிரவுண்டு பிசியோ:

வாரம் மூன்று தடவை, திங்கள், புதன், வெள்ளி. பத்தரைக்கு வந்தால் போதும், அவசரமாகக் கிளம்பி மூச்சு வாங்க வர வேண்டாம். காலையில் இன்ஹேலர் எடுத்துவிட்டு, இரண்டு இட்லிக்கு மேல் சாப்பிடாமல் வரச் சொல்லுங்கள். லுங்கி வேண்டாம், கால் தடுக்காத பேன்ட், பிடிமானமான செருப்பு. இன்ஹேலரையும் கையோடு கொண்டு வாருங்கள், அவர் அதை எப்படி இழுக்கிறார் என்று முதல் நாளே பார்க்க வேண்டும். பாதிப் பேர் மருந்தைத் தொண்டையில்தான் அடித்துக்கொள்கிறார்கள். முடிந்தால் அத்தையையும் ஒரு நாள் கூட்டி வாருங்கள், நடை டெஸ்டை அவரே பார்க்கட்டும்.